வெங்காயத் தோலும் தேன்மெழுகும்: செக் ஈஸ்டர் முட்டை, ஒரு டஜன் முயற்சி

செக் நாட்டு ஈஸ்டர் முட்டையை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மெழுகால் கோடு இழுத்து, அந்த முட்டையை வெங்காயத் தோல் கொதிக்கும் பாத்திரத்தில் போடுவார்கள். எடுத்துப் பார்த்தால் முட்டை அருமையான செங்கல் நிறத்தில் இருக்கும், வரைந்தது மட்டும் இருக்காது. மெழுகு கழன்று சாயத்தின் மேல் பாலாடை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடுகிற பொருள். வெங்காயத் தோலோ கொதித்தால்தான் முழு நிறத்தையும் விடும். இந்த இரண்டையும் எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்தக் கலையில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு கைப்பழக்கம்.

இங்கே எடுத்துக்கொண்டது 12 முட்டை. ஆறில் மெழுகு முதலில், சாயம் பிறகு. மற்ற ஆறில் சாயம் முதலில், மெழுகு பிறகு, கடைசியில் புளிப்புத் தண்ணீர். இரண்டுமே செக் வீடுகளில் வழிவழியாக இருந்துவரும் முறைகள்தான். ஒன்றில் நிறப் பின்னணியில் வெள்ளைக் கோடு கிடைக்கும், மற்றதில் வெள்ளைப் பின்னணியில் நிறக் கோடு.

செக் மொழியில் இந்த முட்டைக்குப் பெயர் க்ராஸ்லிட்செ. அழகு, சிவப்பு இரண்டையும் குறித்த பழைய ஸ்லாவிய வேரிலிருந்து வந்த சொல். ஈஸ்டர் திங்களன்று பையன்கள் பச்சை வில்லோ குச்சிகளைப் பின்னிய பொம்லாஸ்கா என்ற சாட்டையோடு வீடு வீடாகப் போய்ப் பெண்களின் காலில் லேசாகத் தட்டுவார்கள். பெண்கள் பதிலுக்கு முட்டை கொடுப்பார்கள். அப்போது பாடும் பாட்டில், வண்ண முட்டை கொடுங்கள், அது இல்லாவிட்டால் வெள்ளை முட்டையாவது கொடுங்கள், கோழி உங்களுக்கு வேறு முட்டை இடும் என்று வரும். வெள்ளை முட்டைக்கும் மதிப்பு உண்டு என்பது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஆறுதலான செய்தி.

அலங்கரிக்கும் முறை பகுதிக்குப் பகுதி வேறுபடும். மொராவியாவின் ஹனா பகுதியில் வைக்கோலைப் பிளந்து, தட்டையாக்கி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கருஞ்சாயம் ஏற்றிய முட்டையில் ஒட்டுவார்கள். சாயம் ஏற்றிய ஓட்டைக் கத்தி முனையால் சுரண்டி வரைவதும் உண்டு, மெல்லிய கம்பியால் வலை பின்னுவதும் உண்டு. வீட்டில் முதல்முறை செய்ய மெழுகுதான் தோது. கருவி என்று தனியாக வாங்க எதுவும் இல்லை. பாட்டிக் துணி பார்த்தவர்களுக்குத் தத்துவமும் புதிதல்ல: மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது.

முட்டை

வெள்ளை ஓடு வேண்டும். செக் கடைகளில் ஆண்டு முழுக்கப் பழுப்பு முட்டைதான் அதிகம், ஈஸ்டருக்கு முன்னால் வெள்ளை முட்டையைத் தேடி அலைவார்கள். நாமக்கல் முட்டை கிடைக்கும் ஊரில் அந்தக் கவலை கிடையாது. ஐரோப்பிய முட்டையில் பண்ணையின் குறியீட்டு எண் சிவப்பு மையில் அச்சடித்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் அது போய்விடும், ஆனால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடத்தில் ஓட்டின் மேல்தோல் போய்விடும். அங்கே மட்டும் சாயம் வேறு மாதிரி பிடித்துத் திட்டாகத் தெரியும்.

வாங்கியதும் ஒவ்வொரு முட்டையையும் இருட்டறையில் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்ப்பது நல்லது. மயிரிழை விரிசல் வெளிச்சக் கோடாகத் தெரியும். அதை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிடலாம். இரண்டு மணி நேரம் வரைந்த பிறகு விரிசல் விடுவதைவிட அது மேல்.

பிறகு சுத்தம் செய்ய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. கழுவித் துடைத்தபின் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அதற்கப்புறம் வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் மெழுகின் வேலையைத்தான் செய்யும். சாயத்திலிருந்து எடுக்கும்போது முட்டையின் நடுவில் பெருவிரல் ரேகை வெளுப்பாகப் பதிந்திருந்தால் காரணம் இதுதான். டிஷ்யூ காகிதத்தால் பிடித்துக்கொண்டு வரைந்தாலே போதும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையில் உடனே வரையக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும், மெழுகு அந்த ஈரத்தின் மேல் உட்காரும், சாயத்தில் போட்டதும் செதில் செதிலாக உரியும். ஒரு மணி நேரமாவது வெளியே வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் ஆறு முட்டையும் பச்சை முட்டையாகவே, உள்ளே கரு இருக்கும்போதே வரையப்பட்டவை. முதலிலேயே ஊதிக் காலி செய்தால் கூடு சாயத்தில் மிதக்கும். அமுக்கிப் பிடித்தால் சாயம் துளை வழியாக உள்ளே போய் நாள் கணக்கில் சொட்டும். கருவுள்ள முட்டை தானே மூழ்கும், கையில் கனமாக நிற்கும், விரல் அழுத்தத்துக்கு நொறுங்காது. ஊதுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதில் ஒரே ஆபத்து, முடித்த முட்டை ஊதும்போது உடைவது. அதற்கான வழி கீழே வருகிறது.

குண்டூசி

கருவி ஒரு குண்டூசிதான். பென்சிலின் ரப்பர் முனையில் ஊசியின் கூர்மையைக் குத்தி இறக்கினால் தலை வெளியே நிற்கும். மெழுகைத் தொட்டு வரைவது அந்தத் தலையால். தலை உலோகமாக இருக்க வேண்டும். நிற நிறமான பிளாஸ்டிக் தலை சூட்டில் இளகிக் கோணிவிடும். சின்னத் தலை ஒன்று, பெரிய தலை ஒன்று என இரண்டு பென்சில் வைத்துக்கொண்டால் மெல்லிய கோடும் பருத்த கோடும் கிடைக்கும். உக்ரைனில் சின்னப் புனல் பொருத்திய பேனா வைத்து மெழுகை ஊற்றி நீளமாகக் கோடு இழுப்பார்கள். குண்டூசியில் அது முடியாது. ஒரு தொடலில் ஒரு சென்டிமீட்டர் வந்தால் பெரிது. செக் முட்டையின் கோலம் முழுக்கக் குட்டிக் குட்டித் துளிகளாக இருப்பதற்குக் கருவியின் இந்த இயல்பே காரணம்.

மெழுகுக்குக் கலப்பில்லாத தேன்மெழுகு. ஒரு டஜன் முட்டைக்கு 20 கிராம் தாராளம். வெறும் பாரஃபின் மெழுகுவர்த்தியை உருக்கி வரைந்து பார்த்த முட்டையில், காய்ந்ததுமே கோடுகளின் நுனி நொறுங்கத் தொடங்கியது. பாரஃபின் கெட்டி, வளைந்துகொடுக்காது. தேன்மெழுகு பிசுபிசுப்பு உள்ளது, ஓட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பழைய எவர்சில்வர் ஸ்பூனின் காம்பை வளைத்து, டீ லைட் மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே நிற்கிற மாதிரி ஒரு கண்ணாடிக் குவளையோடு கட்டிவிட வேண்டும். ஸ்பூனில் கொட்டைப்பாக்கு அளவு மெழுகு போதும். உருகியதும் வேலை தொடங்கலாம். புகை கிளம்பினால் சூடு மிகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே தூக்கிவிட வேண்டும். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஒரு தட்டால் மூடினால் அணைந்துவிடும்.

சூடு சரியா என்று பார்க்க வெப்பமானி தேவையில்லை, ஓட்டில் விழுந்த கோட்டின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். சரியான சூட்டில் இட்ட கோடு கண்ணாடி மாதிரி, ஓட்டோடு ஓட்டாகப் படிந்து, சற்றே தேன் நிறமாகத் தெரியும். சூடு குறைந்தால் கோடு பால் வெள்ளையாக, மேலே தூக்கி நிற்கும். அது ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர ஒட்டவில்லை. சாயம் அதன் அடியில் ஊர்ந்து நுழைந்துவிடும், மெழுகை எடுத்தால் வெள்ளைக் கோட்டுக்குப் பதில் மங்கலான நிழல்தான் இருக்கும். சூடு அதிகமானால் துளி வழிந்து பரவும், நுனி கூராக வராது.

துளி இடும் விதம் இப்படி: ஊசித் தலையை மெழுகில் முழுக்கி, ஸ்பூன் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, நேராக முட்டைக்குக் கொண்டுவந்து, தொட்டவுடன் இழுக்க வேண்டும். தொட்ட இடம் உருண்டையாகவும் இழுத்த இடம் வால் போல மெலிந்தும் போகும். ஒரு முழுக்குக்கு ஒரே துளி. ஸ்பூனிலிருந்து முட்டைக்கு வரும் தூரம் ஒரு சாண் இருந்தாலே மெழுகு வழியில் ஆறிவிடுகிறது. அதனால் முட்டையைப் பிடித்த கை ஸ்பூனுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். முதல் இரண்டு முட்டையில் வால் வராமல் வெறும் புள்ளிகளாக விழுந்ததற்கு இந்தத் தூரமே காரணம். ஸ்பூனை நான்கு விரல் பக்கத்தில் கொண்டுவந்ததும் வால் வந்துவிட்டது. கைத்திறன் குறைவு என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், பாவம்.

முட்டையின் இடுப்பில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, அதை ஒட்டி மெல்லிய பென்சில் கோடு. நெடுக்காக இன்னும் இரண்டு. இவ்வளவு பிரிவு போதும். கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு பெரிய புள்ளி வைத்து, சுற்றிலும் வெளியிலிருந்து உள்நோக்கி எட்டுத் துளி இழுத்தால் சூரியன் வந்துவிடும். ஒரு நடுக்கோட்டின் இரு பக்கமும் சாய்வாகத் துளிகளை அடுக்கினால் கோதுமைக் கதிர். இந்த இரண்டையும் வைத்தே முழு முட்டையையும் நிரப்பிவிடலாம். பென்சிலை ரப்பரால் அழிக்க முயலக் கூடாது, கரி பரவி அழுக்காகும். மெழுகுக்கு அடியில் மாட்டிய பென்சில் கோடு கடைசிவரை அங்கேயே நிற்கும், ஆகவே லேசாக இழுப்பதே நல்லது.

முதல் வழி: ஆறிய சாயம்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 12 முதல் 15 பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல். அரை மணி நேரம் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். எவர்சில்வர் பாத்திரமாக இருக்கட்டும். இரும்புச் சட்டியில் சாயம் கறுத்துப்போகும், அலுமினியத்தில் மஞ்சளாக விலகும். இரண்டும் கெடுதல் என்று இல்லை, எதிர்பார்த்த நிறம் வராது, அவ்வளவுதான். நிறம் தருவது தோலில் உள்ள குவெர்செட்டின் என்ற பொருளும் அதன் உறவுக்காரப் பொருள்களும்.

வடிகட்டிய சாயம் அறை வெப்பத்துக்கு ஆறியபின் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, மெழுகிட்ட முட்டைகளை ஒன்றோடொன்று உரசாமல் இறக்க வேண்டும். ஆறிய சாயம் மெதுவாகத்தான் பிடிக்கும்: அரை மணியில் வெளிர் மஞ்சள், மூன்று மணியில் காவி. அரை மணிக்கு ஒரு தடவை கரண்டியால் முட்டையைப் புரட்டிவிடாவிட்டால் அடியில் பட்ட இடம் வட்டமாக வெளுத்திருக்கும்.

அவசரப்பட்டு வினிகரைக் கூட்டுவதுதான் இங்கே நடக்கும் அடுத்த தவறு. ஓடு கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். கொஞ்சம் அமிலம் மேற்பரப்பைத் திறந்துவிட்டுச் சாயம் ஏற உதவும். கூடுதலாகப் போனால் கரியமிலவாயுக் குமிழிகள் கிளம்பி, மெழுகின் ஓரத்தை அடியிலிருந்து நெம்பும். முட்டையின் மேல் சின்ன முத்துகள் கோத்தாற்போல் குமிழி நிற்பதைக் கண்டால் எடுத்து அலசி, சாயத்தில் தண்ணீர் சேர்த்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

பல நிறம் வேண்டும் என்றால் உணவுச் சாயப் பொடியே வசதி. ஒரு டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி பொடி, ஆறியதும் ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஐந்து முதல் பத்து நிமிடம். வரிசை எப்போதும் வெளிரிலிருந்து அடர்த்திக்கு: வெள்ளை ஓட்டில் மெழுகு, மஞ்சள் சாயம், மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு, அடுத்து சிவப்பு, மறுபடி மெழுகு, கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு சாயத்துக்குப் பிறகும் துடைக்கக் கூடாது, ஒற்றி எடுத்து முழுக்கக் காயவிட வேண்டும். ஆறில் ஒரு முட்டை இப்படிச் செய்யப்பட்டது. கறுப்பிலிருந்து எடுத்தபோது அது கரி உருண்டை மாதிரி இருந்தது. மெழுகை எடுக்கும் வரை அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

மெழுகை எடுக்கச் சுடரின் பக்கவாட்டில் முட்டையைக் காட்ட வேண்டும், மேலே அல்ல. மேலே பிடித்தால் கரி படியும், வெள்ளைக் கோட்டில் ஏறிய கரி பிறகு போகாது. ஈரம் மினுங்கத் தொடங்கியதும் பழைய பனியன் துணியால் ஒரே வாட்டில் துடைத்து, துணியின் புது இடத்துக்கு மாற வேண்டும். பச்சை முட்டையை ஒரே இடத்தில் நிறுத்திச் சுடவைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே கரு கெட்டிப்படாது. கெட்டிப்பட்டால் ஊத வராது.

ஊதுவது கடைசி. கோணி ஊசியை இரு நுனியிலும் சுழற்றிச் சுழற்றித் துளையிட்டு, அடிப்பக்கத்தை மூன்று மில்லிமீட்டருக்கு விரிக்க வேண்டும். குத்தினால் உடையும், திருகினால் உடையாது. துளை போடும் இடத்தில் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டிவிட்டுத் திருகினால் விரிசல் ஓடாது. ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலைத்தபின், வாயால் ஊதுவதற்குப் பதில் ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றைச் செலுத்தலாம். பச்சை முட்டையில் வாய் வைப்பது சால்மொனெல்லா கிருமிக்கு வழி. உள்ளே வினிகர் கலந்த தண்ணீரை விட்டுக் குலுக்கிக் கொட்டி, துளை கீழ்நோக்கி இருக்க இரண்டு நாள் காயவைக்க வேண்டும். சரியாகக் கழுவாத கூடு வாரக் கணக்கில் நாறும். எடுத்த கரு வீணில்லை. செக் வீட்டில் அது மஸனெட்ஸ் என்ற இனிப்பு ரொட்டிக்கோ, பெராநெக் என்ற ஆட்டுக்குட்டி வடிவக் கேக்குக்கோ போய்விடும்.

இரண்டாம் வழி: புளிப்பு

வெப்பச் சிக்கலே இல்லாத வழி இது, எங்கள் மதிப்பில் முதல்முறை செய்கிறவர்களுக்கு இதுதான் நல்லது. முட்டையை வெங்காயத் தோல் சாயத்திலேயே வேகவைத்துவிட வேண்டியது. வடிகட்டிய ஆறிய சாயத்தில் முட்டையை வைத்து, மெதுவாகச் சூடேற்றி, கொதி வந்ததும் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர். தோலை வடிகட்டாமல் போட்டால் அது ஒட்டிய இடமெல்லாம் மேகம் மாதிரித் திட்டு விழும். சிலருக்கு அதுவே பிடிக்கும், ஆனால் மெல்லிய கோடு அதில் எடுபடாது.

எடுத்து ஆறவைத்துத் துடைத்த செங்கல் நிற முட்டையில் மெழுகால் வரைய வேண்டும். மெழுகின் அடியில் இருப்பது நிறம், இப்போது காக்க வேண்டியது அதைத்தான். பிறகு முட்டை புளித்த முட்டைக்கோஸ் சாற்றுக்குள் போகும். செக் நாட்டில் குளிர்காலம் முழுக்க வீட்டில் இருக்கிற பொருள் அது. அதன் லாக்டிக் அமிலம் ஓட்டின் மேல்படலத்தை அரித்து, கூடவே நிறத்தையும் இழுத்துக்கொண்டு வரும். முட்டைக்கோஸ் சாறு கிடைக்காத இடத்தில் 5 சதவீத வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து எடுத்துக்கொள்ளலாம். சாறு நிதானமாக வேலை செய்யும், வினிகர் அவசரக்காரன்.

வினிகரில் போட்ட சில நொடிகளில் முட்டை நுரை போர்த்திக்கொள்ளும். இரண்டு நிமிடம் கழித்து எடுத்து, குழாயடியில் பிடித்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தடவினால் பழுப்பு சேறு மாதிரி வழிந்து, அடியிலிருந்து வெள்ளை எட்டிப்பார்க்கும். போகாத இடம் இருந்தால் மறுபடி ஒரு நிமிடம். மொத்தம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டின் கனமே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர்தான். ஊறவிட்ட ஒரு முட்டையின் மேல்பரப்பு சாக்பீஸ் மாதிரி சொரசொரத்து, துடைக்கும்போதே விரிசல் விட்டது. பால் வெள்ளையான கோடுகள், அதாவது ஆறிய மெழுகில் இட்டவை, பிரஷ் பட்டதுமே பெயர்ந்துவிடும். சூடு பற்றிச் சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

வெந்த முட்டையில் மெழுகை எடுப்பது சுலபம், சுடரருகே தயங்காமல் காட்டலாம். சாப்பிடப் போகிற முட்டை என்றால் தேன்மெழுகும் வெங்காயத் தோலும் உணவுச் சாயமும் மட்டுமே பட்டிருக்க வேண்டும். நாள் முழுக்க மேசையில் அலங்காரமாக இருந்ததைச் சாப்பிட வேண்டாம். அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, குளிர்பெட்டியில் வைத்ததை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

கடைசி மெருகு இரண்டு வழிக்கும் ஒன்றே. செக் கிராமத்தில் பன்றிக்கொழுப்பையோ உப்பிட்ட பன்றித் தோல் துண்டையோ தடவுவார்கள். ஒரு சொட்டு வெண்ணெய் தொட்ட துணியும் அதே வேலையைச் செய்யும். காவி நிறம் அப்போதுதான் ஆழமாகத் தெரியும். எண்ணெய் தடவிய பிறகு சாயம் ஏறாது, அதனால் குறை தெரிந்தால் திருத்தம் எல்லாம் அதற்கு முன்பே.

காலி முட்டையைத் தொங்கவிட, பாதியாக ஒடித்த தீக்குச்சியின் நடுவில் நூலைக் கட்டி, குச்சியை நெட்டாக மேல் துளைக்குள் இறக்கி, நூலை மெல்ல இழுத்தால் குச்சி உள்ளே குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் துளை கிழியும்.